கான்ட்ராக்ட் ரேமும் பொட்டு வைத்த பர்மனென்ட்டும்

கரண்ட் போனது ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். மின்விசிறிக்கு நிற்பதற்குக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. ஆனால் என் கம்ப்யூட்டர் அதற்குள் செத்துப் பிழைத்துவிட்டது. காலையிலிருந்து திரையில் நான் கட்டிக்கொண்டிருந்த சுரங்க எந்திரத்தைக் காணவில்லை. ஓட்டு வீட்டு உயரத்துக்குச் சக்கரம், அதன் விளிம்பில் மண்ணை வாரும் வாளிகள், நீண்ட கை எல்லாமே போயிருந்தன. முந்தின நாள் சேமித்த ஒரு மொட்டைச் சக்கரம் மட்டும் என்னைப் பார்த்து நின்றது.

ஊருக்கே மின்சாரம் அனுப்புகிற நெய்வேலி டவுன்ஷிப்பில் உட்கார்ந்துகொண்டு கரண்ட் போய்விட்டது என்று அழுதால் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் சிரித்தேன். அந்தச் சத்தம் சரியில்லை என்று அடுக்களையிலிருந்து அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னாடி, அழுதுகினு இருக்கியா, சிரிச்சிகினு இருக்கியா?"

"காலைலேர்ந்து செஞ்சதெல்லாம் போச்சும்மா. சேவ் பண்ணல."

"அதான் கம்ப்யூட்டர் இருக்குதே. அதுக்கு ஞாபகம் இருக்காதா?"

"அதுக்குள்ள ரெண்டு மெமரி இருக்கும்மா. ஒண்ணு..." என்று இழுத்தேன். கல்லூரியில் படித்த விளக்கம் எல்லாம் தொண்டை வரை வந்து நின்றது. அந்த நொடியில்தான் அது உதித்தது. "ஒண்ணு கான்ட்ராக்ட். இன்னொண்ணு பர்மனென்ட்."

அம்மா கரண்டியோடு வெளியே வந்து நின்றார். முழுசாகப் புரிந்துவிட்டது என்று முகமே சொன்னது. எங்கள் ஊரில் இந்த இரண்டு வார்த்தைக்கு மேல் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை என்ன வேலை என்று இங்கே கேட்க மாட்டார்கள். பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா என்றுதான் கேட்பார்கள். நிறம், உயரம், ராசி எல்லாம் அப்புறம்.

எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது. "ரேம்னு ஒண்ணு இருக்குல்ல, அது கான்ட்ராக்ட். கூப்பிட்ட உடனே ஓடி வரும், மாஞ்சு மாஞ்சு வேலை செய்யும். ஆனா கரண்ட் போச்சுன்னா அவ்ளோதான், கேட்டுக்கு வெளியே. செஞ்சதெல்லாம் மறந்துடும். டிஸ்க்குங்கறது பர்மனென்ட். கூப்பிட்டா நிதானமாத்தான் வரும். ஆனா வெள்ளமே வந்தாலும் அதோட சீட்டுல அது இருக்கும்."

அம்மாவின் தம்பி சுரங்கத்தில் பல வருடங்களாகக் கான்ட்ராக்ட்டில் இருப்பவர். அம்மா கரண்டியை என் பக்கம் நீட்டினார்.

"மறக்கிறது கான்ட்ராக்ட் ஆளு இல்லடி. எந்தம்பிக்கு மொத நாள் குடுத்த பூட்ஸு சைஸு கூட ஞாபகம் இருக்குது. வேலை வாங்கிக்கினவங்கதான் மறப்பாங்க. நல்லா படிச்ச போ!"

உவமைக்கு வாரண்டி கிடையாது என்று நான் அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும். புரியவில்லை. எனக்கு என் உவமை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அன்று மாலை அப்பா சுரங்கத்தில் முதல் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவருக்கும் சொன்னேன். அவரும் ரசித்தார். எத்தனை ஆழமாக ரசித்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

நான் ஏன் சுரங்க எந்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். படிப்பை முடித்து அரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. முப்பரிமாண அனிமேஷன் வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தேன். பிளாக்கில் எதிர்ப்படுகிற எல்லோரும் "பாப்பா இப்ப என்ன பண்ணுது?" என்று அம்மாவைக் கேட்பார்கள். "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்ணிக்கினு இருக்குது" என்று அம்மா சொல்வார். அந்த 'ஏதோ' என் காதில் விழும்போதெல்லாம் காது சுடும். கடைசியில் சென்னையிலிருந்து ஒரு சின்ன நிறுவனம் பதில் போட்டது. ஏதாவது ஒரு பெரிய எந்திரம் வேலை செய்வதைச் சின்னப் படமாகச் செய்து திங்கள்கிழமை காலைக்குள் அனுப்ப வேண்டும். அனுப்புகிறவர்களில் ஒருவருக்கு வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம்.

பெரிய எந்திரம் என்று கேட்டால் நெய்வேலிப் பெண் எதைச் செய்வாள்? மற்றவர்கள் ரயில் என்ஜினும் கிரேனும் செய்துகொண்டிருக்கட்டும், நான் பழுப்பு நிலக்கரி வெட்டும் சக்கரத்தையே சுழற்றிக் காட்டுகிறேன் என்று இறங்கினேன்.

போன சக்கரத்தை இரண்டு நாளில் மறுபடியும் கட்டிவிட்டேன். இரண்டாவது தடவை கட்டியது முதலாவதைவிட அழகாகவே வந்தது. மண் மேடு, தூசி, வெயில் எல்லாம் சேர்த்து, இனி கம்ப்யூட்டரே ஒவ்வொரு படமாக வரைந்து முடிக்கட்டும் என்று பொத்தானை அழுத்தினேன். இதைத்தான் எங்கள் தொழிலில் ரெண்டர் என்போம். மிஷின் கொஞ்ச நேரம் முனகியது. பிறகு ஒரு சின்னக் கட்டம் திரையில் எழுந்தது. நினைவகம் போதவில்லை.

என்னிடம் இருந்தது எட்டு ஜிபி. என் சக்கரமும் மண்ணும் தூசியும் அதைப் போல் இரண்டு மடங்கு கேட்டன.

"கான்ட்ராக்ட் ஆளு பத்தலப்பா. இன்னும் பதினாறு எடுக்கணும்" என்றேன்.

அப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பொறு. வெலை இறங்கும்."

இது எங்கள் வீட்டுச் சட்டம். அதன் பூர்வீகம் டிவி ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இருந்து கழற்றிய ரேம் குச்சிகள் எல்லாம் அதில்தான் கிடக்கும். முதலாவது முப்பத்திரண்டு எம்பி. நான் பிறப்பதற்கு முன்னால், போனஸ் பணத்தில் அப்பா பாண்டிச்சேரிக்குப் போய் வாங்கிய கம்ப்யூட்டருடையது. அந்த ஒரு குச்சியின் விலைக்கு வீட்டில் ஒரு மாத மளிகை ஓடியிருக்கும் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். வாங்கி வந்து பத்து நாள் பெருமையாகச் சுற்றிய பிறகு, அப்பாவோடு வேலை பார்த்தவர் அதே கடைக்குப் போய் அதே விலைக்கு இரண்டு மடங்கு மெமரி வாங்கி வந்தாராம். அடுத்த வருடம் இன்னொருவர் நாலு மடங்கு. அப்பா கேண்டீனில் டீ குடிக்கும் இடத்தையே மாற்றிக்கொண்டார்.

டப்பாவில் இரண்டாவது குச்சி இருநூற்று ஐம்பத்தாறு எம்பி. மூன்றாவது இரண்டு ஜிபி. ஒவ்வொன்றும் முன்னதைவிடப் பல மடங்கு கொள்ளும், முன்னதைவிட மலிவு. மூன்றாவதை வாங்கிய அன்று மிச்சக் காசில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தோம். மெமரிக்குப் போய் மிச்சம் வந்தது அதுவே முதல்முறை. குச்சியின் அடியில் பல் போல இருக்கும் தங்க நிற வரிசையில் ஒரு வெட்டு இருக்கும். தலைமுறைக்குத் தலைமுறை அந்த வெட்டு கொஞ்சம் நகர்ந்திருக்கும். ஒன்றின் இடத்தில் இன்னொன்று நுழையாது. குவார்ட்டர்ஸ் மாறிப் போன பிறகும் கையில் தங்கிவிட்ட பழைய சாவி மாதிரி அவை டப்பாவில் கிடந்தன.

இந்த அனுபவத்திலிருந்துதான் அப்பாவின் சட்டம். "மெமரி வாங்கறதுல அவசரமே கூடாது பாப்பா. இது பஸ்ஸு மாதிரி இல்ல. லேட்டா போறவனுக்குத்தான் ஜன்னல் சீட்டு."

கோடையிலேயே ஒரு தடவை விலை கேட்டுவிட்டு, அந்தச் சட்டப்படி அப்போதிலிருந்தே காத்திருந்தோம். காத்திருந்து காத்திருந்து நான் மெயின் பஜாரில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் போன் போட்டேன். கடை வைத்திருக்கும் பாய் நெல்லிக்குப்பத்துக்காரர். தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். முன்பெல்லாம் ரேம் குச்சிகளை ஷாம்பூ பாக்கெட் சரம் மாதிரி ஆணியில் மாட்டி வைத்திருப்பார். இப்போது கல்லாப்பெட்டியோடு சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிறார்.

"கோடையில கேட்டியே தங்கச்சி, அந்த வெலையா? அதை மறந்துடு" என்றார். "இப்ப அதுமாட்டம் மூணு மடங்கு. காலைல ஒரு ரேட்டு சொல்றான், சாயங்காலம் அஸர் தொழுதுட்டு வந்தா இன்னொரு ரேட்டு. நகைக் கடை வச்சிருக்கலாம் நானு."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏறுதா? மெமரி எப்படிங்க ஏறும்?"

"அதுவா சார், இந்த ஏஐ ஏஐன்றாங்க இல்ல, அதுக்குப் பெரிய பெரிய கட்டடமா கட்டிக்கினு போறாங்களாம். செய்யற மெமரியெல்லாம் அங்க போய்டுது. எங்க ஊர்ல கரும்பு பூராவும் மில்லுக்குப் போய்ட்டா, பொங்கலுக்குக் கடிக்கிற கரும்பு வெலை ஏறுமா ஏறாதா? அதேதான்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "யாரோ எங்கியோ கேள்வி கேக்கறதுக்கு நம்ம வீட்டு மெமரியையா திங்குது அது?"

எனக்கே சுருக்கென்றது. அந்த ஏஐயிடம் முந்தின வாரம் முழுக்கக் கேள்வி கேட்டவர்களில் நானும் ஒருத்தி. லேட்டாகப் போனவனுக்கு ஜன்னல் சீட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இந்த முறை ஸ்டாண்டிங்குக்கே இடமில்லை.

அப்பாவால் அதை எளிதில் ஏற்க முடியவில்லை. பிஸ்கட் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சரி, வெலையை வுடு. வேகம் எவ்ளோ ஏறியிருக்கு?"

முதல் குச்சி ஒரு நொடிக்கு எவ்வளவு சுமக்கும், இப்போதைய குச்சி எவ்வளவு என்று சொன்னேன். முப்பது மடங்குக்கும் மேல்.

"அப்படின்னா உன் கம்ப்யூட்டரு என் பழைய கம்ப்யூட்டரைவிட முப்பது மடங்கு சீக்கிரம் தொறக்கணுமே. ஏன் நீ ஆன் பண்ணிட்டுப் பல்லு வெளக்கப் போறே?"

இந்தக் கேள்விக்கு என் பேராசிரியர்கள் பலகை நிறையப் படம் போடுவார்கள். நான் அப்பா தினமும் பார்க்கும் கன்வேயர் பெல்ட்டை உவமையாக எடுத்துக்கொண்டேன். சுரங்கத்திலிருந்து கரி பெல்ட்டில் ஏறி மின் நிலையத்துக்குப் போகிறது. பெல்ட்டை அகலமாக்கினால் மணிக்குப் போய்ச் சேரும் கரி கூடும். ஆனால் "அனுப்பு" என்று சொன்ன நேரத்திலிருந்து முதல் கட்டி போய் விழுகிற நேரம்? அது பெரிதாகக் குறையவில்லை. மெமரியிலும் அப்படித்தான். இத்தனை வருடத்தில் பெல்ட்டை அகலமாக்கிக்கொண்டே வந்தார்கள். முதல் கட்டி வருகிற நேரம் மட்டும் கொஞ்சம்தான் சுருங்கியது.

அப்பா சிரித்தார். "பெல்ட்டு கிளம்பறதுக்கு முன்னாடி சைரன் அடிக்கணும்ல? அந்தக் காலத்துலயும் அதே சைரன், இந்தக் காலத்துலயும் அதே சைரன்."

அது எனக்குப் பிடித்துப்போனது. அதிலிருந்து எங்கள் வீட்டில் தாமதத்துக்குப் பெயர் சைரன். அம்மா காய் நறுக்க உட்கார்ந்துவிட்டுப் பக்கத்து வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டிருந்தால் "சைரன் அடிச்சிட்டு இருக்காங்க" என்போம். அம்மா கத்தியைக் காட்டுவார்.

சனிக்கிழமை பாய் அழைத்தார். பதினாறு ஜிபி குச்சி ஒன்றே ஒன்று வந்திருக்கிறது, மாலைக்குமேல் இருக்காது. எனக்கோ அதே மதியம் சென்னைக்காரர்களோடு வீடியோ அழைப்பு. எப்படிச் செய்கிறாய் என்று கேட்பார்களாம். அப்பா ஷிஃப்ட்டிலிருந்து நேராகப் பஜாருக்குப் போவது என்று முடிவாயிற்று. வாசலில் இருந்தே கத்தினேன். "அப்பா, கான்ட்ராக்ட் குச்சி! ஞாபகம் வச்சுக்கோங்க!"

"நாப்பது வருஷமா பாக்கறேன், கான்ட்ராக்ட் தெரியாதா எனக்கு?" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

அழைப்பு முடிந்து நான் அறையைத் திறந்தபோது கூடத்தில் லட்டு வாசனை. அப்பா இன்னும் சீருடையைக் கழற்றவில்லை. அம்மா ஒரு லட்டை உடைத்து என் வாயில் திணித்தார். சாமி படத்துக்கு முன்னால் ஒரு தட்டு. தட்டில் வெற்றிலை. வெற்றிலை மேல் விரல் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு பொருள். அதன் நெற்றியில் மஞ்சள், மஞ்சளுக்கு நடுவே குங்குமம்.

எங்கள் ஊரில் எந்த எந்திரம் வீட்டுக்குள் வந்தாலும் பொட்டு உண்டு. மிக்ஸிக்கு உண்டு, ஸ்கூட்டருக்கு உண்டு, என் கால்குலேட்டருக்கும் உண்டு. அதில் எனக்கு ஆச்சரியமில்லை. பொருள்தான் ஆச்சரியம். ரேம் குச்சி இதைப் போல் இரண்டு மடங்கு நீளம் இருக்கும்.

"அப்பா, இது ரேம் இல்ல."

"தெரியும்" என்றார் அப்பா. குரலில் ஒரு கம்பீரம். "இது பர்மனென்ட்டு."

லட்டை அவசரமாக விழுங்கினேன். கடையில் நடந்ததை அவர் விரிவாகச் சொன்னார். பாய் கண்ணாடி மேஜை மேல் ரேமை எடுத்து வைத்திருக்கிறார். விலையைக் கேட்டதும் அப்பாவுக்கு வியர்த்திருக்கிறது. பக்கத்தில் இந்தச் சின்னப் பொருள் இருந்திருக்கிறது. இது என்ன என்று கேட்டாராம். இதுவும் ஒரு வகை மெமரிதான் சார், எஸ்எஸ்டி என்றாராம் பாய்.

"கரண்ட் போனா மறந்துடுமான்னு கேட்டேன். மறக்காது சார், அப்படியே இருக்கும்னாரு. எத்தனைன்னு கேட்டேன். ஐந்நூறு ஜிபின்னாரு. வெலையைக் கேட்டா அதைவிடக் கம்மி! நீயே சொல்லு பாப்பா. பதினாறு பேரு கான்ட்ராக்ட்டு. ஐந்நூறு பேரு பர்மனென்ட்டு, அதுவும் கொறஞ்ச சம்பளத்துக்கு. எவனாவது பர்மனென்ட்டை வுட்டுட்டுக் கான்ட்ராக்ட்டை எடுப்பானா?"

"பாய் ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னாரு. பாப்பா கேட்டது இது இல்லியே சார்னாரு. பாப்பா சின்னப் பொண்ணு, பர்மனென்ட்டோட அருமை அதுக்குத் தெரியாதுன்னேன். சிரிச்சிக்கிட்டே கட்டிக் குடுத்துட்டாரு."

அதனால்தான் லட்டு. எங்கள் வீதியில் யாருக்காவது பர்மனென்ட் ஆனால் வீட்டுக்கு வீடு லட்டு வரும். எங்கள் வீட்டிலிருந்து அப்படி லட்டு போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அம்மா ஏற்கெனவே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து முடித்திருந்தார். "என்ன விசேஷம்?" என்று கேட்டதற்கு "பொண்ணுக்கு பர்மனென்ட் மெமரி கெடச்சிருக்குது" என்று சொன்னாராம். அந்த வீட்டு அக்கா, அது ஏதோ பெரிய வேலை என்று நினைத்துக்கொண்டு வாழ்த்தினாராம்.

உவமை செய்தவள் நான். அதன்படி நடந்தவர் அவர். யாரிடம் கோபித்துக்கொள்வது? பாய்க்குப் போன் போட்டேன். ரேம் பத்து நிமிஷம் முன்னால் போய்விட்டது என்றார்.

"சரி பாய், இதையாச்சும் திரும்ப எடுத்துக்குங்க. வேற எங்கியாவது ரேம் பாத்துக்கறேன்."

"சீல் உடைக்கலியே?"

நான் தட்டைப் பார்த்தேன். "பொட்டு வச்சிருக்காங்க பாய்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சிரிப்பை அடக்கும் சத்தம். "தங்கச்சி, கம்பெனிக்காரன் தண்ணி பட்டாலே வாரண்டி இல்லைன்றான். மஞ்சா பட்டதை நான் எந்த முகத்தோட அனுப்பறது? வச்சிக்கோ. நல்லா ராசியா ஓடும்."

அப்பாவுக்கு இப்போதுதான் முழு விவரமும் புரிந்தது. சீருடையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "பர்மனென்ட்டு இருந்தும் வேலை நடக்காதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த வருத்தத்தை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். திங்கள் காலைக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் நடுவில் இருந்தது.

ஆனால் எரிச்சலில் தட்டையே முறைத்துக்கொண்டிருந்தபோது வேறொன்று தோன்றியது. ரேம் பத்தாதபோது, டிஸ்க்கின் ஒரு மூலையை ரேம் மாதிரி நடிக்க வைக்கும் ஏற்பாடு எல்லாக் கம்ப்யூட்டரிலும் உண்டு. என்னுடைய பழைய டிஸ்க் உள்ளே தட்டு சுற்றுகிற ரகம். அதை நடிக்கச் சொன்னால் மேடையிலேயே தூங்கிவிடும். இது அப்படியில்லை. அப்பா முதன்முதலில் வாங்கிய, ஒரு மாத மளிகை விழுங்கிய அந்த ரேம் குச்சி நொடிக்குச் சுமந்ததைவிட, இந்தப் பொட்டு வைத்த பர்மனென்ட் பல மடங்கு சுமக்கும். அன்றைய கான்ட்ராக்ட்டை இன்றைய பர்மனென்ட் ஓட்டத்தில் தோற்கடித்துவிட்டது! இத்தனை வருட விலையிறக்கத்திலும் வேகத்திலும் இந்த விஷயம் யார் கண்ணிலும் படாமல் நடந்திருக்கிறது.

"அப்பா! பர்மனென்ட்டை இறக்கி கான்ட்ராக்ட் வேலை வாங்கப் போறேன்."

"ஒத்துக்குமா?" என்றார் அப்பா, உண்மையான சந்தேகத்தோடு.

ஞாயிறு காலை பெட்டியைத் திறந்து பொருத்தினேன். பொட்டை அழிக்க அம்மா விடவில்லை. அது மேல் ஒட்டியிருந்த தாளில்தான் இருந்தது, விட்டுவிட்டேன். முழுப் படத்தையும் ஒரே மூச்சில் போட்டுப் பார்த்தேன். இந்த முறை கட்டம் வரவில்லை. வேலை நகரவும் இல்லை. ஒரு படம் வரைந்து முடிவதற்குள் அம்மா இட்லி ஊற்றி எடுத்துவிட்டார். பர்மனென்ட்டின் பெல்ட் அகலம்தான். ஆனால் சைரன்! ஒவ்வொரு சின்னத் துண்டுக்கும் எழுந்து, சட்டையை மாட்டி, டீ குடித்து, அப்புறம்தான் கிளம்புகிறது. என் படமோ இங்கொரு துண்டு அங்கொரு துண்டு என்று நொடிக்கு ஆயிரம் முறை கூப்பிடுகிறது.

அப்பா நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "எல்லாரையும் ஒரே நேரத்துல உள்ள வுட்டா இப்படித்தான். கேட்டுலயே நெரிசல்" என்றார் கொட்டாவியோடு.

கேட் என்றதும் எனக்கு மூன்று ஷிஃப்ட் ஞாபகம் வந்தது. சுரங்கமே எல்லோரையும் ஒன்றாக வைத்துக்கொள்வதில்லையே, நான் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? படத்தை மூன்றாகப் பிரித்தேன். முதல் ஷிஃப்ட்டில் மண் மேடு மட்டும். அது முடிந்து பர்மனென்ட்டில் பத்திரமாக எழுதியானதும் ரேமைக் காலி செய்துவிட்டு இரண்டாம் ஷிஃப்ட்டில் சக்கரம். மூன்றாவதில் தூசியும் வானமும். கடைசியில் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிவிடுவது. இப்படிச் செய்தால் ஒவ்வொரு ஷிஃப்ட்டும் அநேகமாக எட்டு ஜிபிக்குள் அடங்கும். வழிகிற கொஞ்சத்துக்கு மட்டும் பர்மனென்ட்டைக் கூப்பிட்டால் போதும்.

ஓடியது! ஒரு ஈடு இட்லிக்கு ஒரு படம் என்று இருந்தது, ஒரு வாய் இட்லிக்கு ஒரு படம் என்றானது. ஒரு ஷிஃப்ட் முடிந்து ரேம் காலியாகும்போது திரையில் ஒரு கோடு சரேலென்று இறங்கும். அப்பா ஒவ்வொரு தடவையும் "ஷிஃப்ட் பஸ்ஸு கிளம்பிடுச்சு" என்பார். மறந்துவிடுகிறதே என்று நான் திட்டிய அதே ரேம், மறந்துவிடுவதால்தான் அடுத்த ஷிஃப்ட்டுக்கு இடம் கொடுத்துக்கொண்டிருந்தது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அதுக்கு மறக்கத் தெரிஞ்சிருக்குது. எந்தம்பிக்குத் தெரியலியே" என்றபடி ஈரத் துணியை உதறினார்.

மாலை வெயில் சாயும்போது மூன்றையும் ஒட்டி ஓட்டினேன். சக்கரம் சுழன்றது. வாளிகள் மண்ணை வாரின. தூசி எழுந்தது. நான் துள்ளிக் குதித்தேன். அப்பா மட்டும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாதான் முதலில் சொன்னார். "இன்னாடி இது, நெழலே இல்ல? மோகினியா?"

பார்த்தேன். இவ்வளவு பெரிய எந்திரம் மண்மேல் பட்டும் படாமல் மிதந்துகொண்டிருந்தது. மண் முதல் ஷிஃப்ட். எந்திரம் இரண்டாம் ஷிஃப்ட். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. அப்புறம் ஒன்றின் நிழல் இன்னொன்றின்மேல் எப்படி விழும்?

"ஒரே வேலைதான். ரெண்டு ஷிஃப்ட்டு ஆளும் மூஞ்சியே பாத்ததில்ல. எங்க எடத்துலயும் அப்படித்தான்" என்றார் அப்பா. "அதுக்குத்தான் ஓட்டி போட்டு ரெண்டு பேரையும் கொஞ்ச நேரம் ஒண்ணா நிறுத்துவோம்."

ஓட்டி! ஓவர்டைம். நிழலுக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன ஷிஃப்ட். நிறமில்லாத மண், நிறமில்லாத எந்திரம், வெயில். மேற்பூச்சு எல்லாம் கழற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாகவே ரேமில் உட்கார்ந்துவிடும். போட்டேன். சாப்பாட்டு நேரத்துக்கு நிழல் வந்து சேர்ந்தது. எந்திரம் தரையில் கால் ஊன்றியது. அதன் கனம் கூடத்து மொசைக் வரைக்கும் இறங்கிய மாதிரி இருந்தது எனக்கு.

திங்கள் காலை அப்பா ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் முன் அனுப்பிவிட்டேன். புதன்கிழமை பதில் வந்தது. அதை நான் சத்தமாகப் படிப்பதற்குள் அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். அப்பா செருப்பில் ஒரு காலோடு நின்றார். படம் பிடித்திருக்கிறது, முக்கியமாக எந்திரத்தின் கனம். வேலை எனக்குத்தான். கடைசி வரியை மட்டும் மெதுவாகப் படித்தேன். முதல் மூன்று மாதம் ஒப்பந்த அடிப்படையில்.

ஒரு சைரன் நேரம் கழித்து அப்பா இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டார்.

"அப்ப நீ ரேமா, டிஸ்க்கா?" என்றார் அப்பா.

"ரேம்ப்பா."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பரவால்ல போ. ரேமு வெலைதான் இப்ப ஏறிக்கினு போவுதே." சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுப் பக்கம் நடந்தார். போன வாரமே லட்டு கொடுத்தாகிவிட்டதால் இந்தத் தடவை செய்தி மட்டும் போதும் என்று நினைத்திருப்பார். அந்த 'ஏதோ' இனி வராது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

முதல் வேலையும் அதே கடிதத்தில் வந்துவிட்டது. அதே சுரங்கம், அதே சக்கரம். ஆனால் மழையில் வேண்டுமாம். மழை என்றால் துளி. துளி என்றால் கோடிக்கணக்கில். ஒவ்வொரு துளிக்கும் ரேமில் ஓர் இடம். என்னிடம் இன்னும் அதே எட்டு ஜிபிதான். பாய் இன்று சொன்ன விலையை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் பொறு என்பார்.

பொறுக்கப் போவதில்லை. வாங்கப் போவதும் இல்லை. காலையிலிருந்து ஒரு யோசனை குடைகிறது. ஒரே ஒரு துளியை மட்டும் ஒழுங்காகச் செய்து ரேமில் உட்கார வைத்துவிட்டு, அதே துளியைக் கொஞ்சம் சாய்த்து, கொஞ்சம் சிறிதாக்கி, எல்லா இடத்திலும் விழுகிற மாதிரி காட்டினால் என்ன? இடம் ஒரு துளிக்கு, மழை சுரங்கம் முழுக்க.

அம்மாவிடம் சொன்னேன். அவர் யோசித்தார். "கல்யாண வூட்டுல ஒரே சித்தப்பா சட்டைய மாத்திக்கினு எல்லா போட்டோலயும் நிப்பாரே, அந்தமாதிரியா?"

அதேதான். இன்று மதியம் சித்தப்பாவைச் செய்யத் தொடங்குகிறேன். முதலில் அவரை உருண்டையாக்கி, அப்புறம் கொஞ்சம் நீளமாக இழுத்து, சக்கரத்தின் மேல் விழ வைத்து, தெறிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு தெறிப்புக்கும் சேவ் பண்ண வேண்டும்.